மனநிறைவுப் பிரிவும் இடப்பக்கப் புல்லாங்குழலும்

எங்கள் அத்தானுக்குக் கோபம் வராது. அக்காவைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் அது எப்போதோ வற்றிப்போயிருக்க வேண்டும். ஆகவே அவருக்கு வரவேண்டிய கோபமெல்லாம் மாடியில் குடியிருக்கும் எனக்கு வந்து சேர்கிறது. இந்தக் கதையில் எங்காவது பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டால் அது என்னுடையது.

அத்தான் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். தாள் உள்ளே போகும் வாய் அவருக்கு இடப்பக்கம். ஆகவே வாழ்நாள் முழுக்க இரைச்சலை இடது காதுதான் வாங்கிக்கொண்டது. போன வருஷம் காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, "வலது காதுக்கு ஒண்ணும் பயமில்ல. இடது காது கொஞ்சங்கொஞ்சமா போயிடும். தடுக்க முடியாது. ஆசைப்பட்டத எல்லாம் இப்பவே கேட்டு வெச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அத்தான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில் ஒரு கடையில் அச்சடித்த நோட்டீஸ் கட்டைக் கொடுக்கப் போனவர், அங்கே இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே தற்செயலாக நின்றிருக்கிறார். ஓர் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்திலிருந்து ஒரு புல்லாங்குழல் கேள்வி கேட்டதாம். வலப்பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னதாம். "ரெண்டு பேரு எனக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து பேசிக்கிட்ட மாதிரி இருந்துச்சு மாப்ளே" என்று இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அந்த இசைத்தட்டைப் பழைய கடைகளில் அலைந்து பிடித்தார். தட்டைச் சுழற்ற ஒரு பிளேயர் வாங்கினார். ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வந்து சேர்ந்தது. கல்யாண வீட்டில் எல்லாம் தயார், மாப்பிள்ளையைத்தான் காணோம் என்பதுபோல ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் மட்டும் பாக்கி. அதுவும் இடது காது இருக்கும்போதே வந்தாக வேண்டும்.

புதிதாக வாங்க முடியாது. நல்ல ஆம்ப்ளிஃபயரின் விலையைக் கேட்டால் மிச்சமிருக்கும் காதும் அடைத்துக்கொள்ளும். எனவே பழைய பொருள்களை விற்கும் 'மறுகை' என்ற இணையச் சந்தையில் அத்தான் தேட ஆரம்பித்தார். அங்கே ஒரு விளம்பரம் இப்படி இருந்தது: 'ஒரே கையில் இருந்தது. டாக்டர் வீடு. சிகரெட் வாசனை படாதது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாகக் கேட்கப்பட்டது. பிரிய மனமில்லாமல் பிரிகிறேன்.'

"பெட்டி விக்கிறாங்களா, பொண்ணு குடுக்கிறாங்களா?" என்றாள் அக்கா.

விற்றவரின் புனைபெயர் தங்கக்காது. 'இரண்டு பக்கமும் சரியாகப் பேசுமா?' என்று அத்தான் மிகுந்த மரியாதையுடன் எழுதிக் கேட்டார். 'கேட்கத் தெரிந்தவருக்கு எல்லாமே பேசும்' என்று பதில் வந்தது. நானாக இருந்தால் அங்கேயே சுதாரித்திருப்பேன். அத்தான் மனம் நெகிழ்ந்து பணத்தைக் கட்டிவிட்டார்.

பெட்டி வந்தது. இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். பிரித்து எடுத்தபோது அடியில் ஒரு சின்ன உலோகக் கம்பி கிடந்தது. இரண்டு காலும் ஒரே பக்கம் மடிந்த, விரல் நகம் அளவுக் கம்பி. "பார்சல் கட்டுனப்ப விழுந்த ஆணியா இருக்கும்" என்று அத்தான் அதைப் பத்திரமாக ஆம்ப்ளிஃபயரின் மேல் வைத்தார். எதையும் தூக்கி எறிய மாட்டார். பிறகு ஒயர்களைச் சொருகி, நாற்காலியை இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவே போட்டு, தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வலப்பக்கப் புல்லாங்குழல் அற்புதமாகப் பதில் சொன்னது. இடப்பக்கத்திலிருந்து மூச்சே இல்லை. ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தோம். ஒயரை மாற்றிப் பார்த்தோம். ஆம்ப்ளிஃபயரின் இடப்பக்கத்தில் எதை மாட்டினாலும் ஊமையாகத்தான் இருந்தது. கேள்வியே இல்லாமல் பதில்களாக வந்து கொட்டிக்கொண்டிருந்தன. அத்தான் தட்டு முடியும்வரை மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்.

"தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றேன் அத்தான்" என்றேன்.

"வேண்டாம் மாப்ளே. மறுகைக்காரன் விதி போட்டிருக்கான் பாரு. குறை இருந்தா பொருளைத் தொடாம அவங்க மனநிறைவுப் பிரிவுக்குச் சொல்லணுமாம். தொட்டா நம்ம உரிமை போயிடுமாம்."

அச்சகத்தில் 'தொடாதே' என்று எழுதியிருந்தால் அத்தான் தொட மாட்டார். பத்து விரலோடு இந்த வயதுக்கு வந்து சேர்ந்ததற்கு அதுதான் காரணம். அவரிடம் வாதாடிப் பயனில்லை.

மனநிறைவுப் பிரிவுக்குப் போன் செய்தார். 'நீங்கள் மனநிறைவோடு இருந்தால் ஒன்றை அழுத்துங்கள். மிகுந்த மனநிறைவோடு இருந்தால் இரண்டை அழுத்துங்கள். சொல்ல முடியாத மனநிறைவோடு இருந்தால் இணைப்பிலேயே காத்திருங்கள். உங்கள் பொறுமை எங்களுக்கு முக்கியம்' என்றது பதிவுசெய்த குரல். ஆளோடு பேச வேறு வழி எதுவும் சொல்லப்படவில்லை. அத்தான் காத்திருந்தார்.

கடைசியில் ஒரு பெண் பேசினாள். "சார், எங்க பிரிவுல புகார் வாங்குறதில்ல. பகிர்வு மட்டும்தான். உங்க பகிர்வு என்ன சார்?"

"இடப்பக்கம் சத்தம் வரலம்மா."

"எதிர்மறை வார்த்தை இருந்தா சிஸ்டம் ஏத்துக்காது சார். நேர்மறையாச் சொல்லுங்க."

அத்தான் வெகுநேரம் யோசித்தார். "இடப்பக்கத்துலேர்ந்து அமைதி வருது."

"அருமை சார்" என்று அவள் பதிந்துகொண்டாள். மறுநாளே பகிர்வு முடித்து வைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. 'இடப்பக்கத்திலிருந்து அமைதி வருவதைத் தாங்களே உறுதிசெய்துள்ளீர்கள். தங்களுக்குக் கிடைத்த அமைதிக்கு வாழ்த்துகள்.'

அத்தான் இதற்கும் கோபப்படவில்லை. என் வீட்டில் ஒரு டம்ளர் நசுங்கியது.

மேல்முறையீடு செய்தார். வராத சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நான் கத்தினேன். அத்தான் என்னை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அக்காவை இருமக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, ஊமை ஸ்பீக்கரின் முன்னால் போனை நீட்டி வேர்க்க விறுவிறுக்க மௌனத்தைப் பதிவுசெய்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பதில் வந்தது: 'ஒலிப்பதிவை நிபுணர் குழு கேட்டது. இடப்பக்கத்திலிருந்து கனரக வாகனத்தின் ஒலி மிகத் தத்ரூபமாக வெளிப்படுகிறது. இந்த விலைக்கு இது அரிய தரம்.'

இரண்டாவது மேல்முறையீட்டுக்கு ஒரு கள ஆய்வாளர் நேரிலேயே வந்தார். கழுத்தில் அட்டை, கையில் வெள்ளைக் கையுறை, தோளில் ஒரு சுருள் நாடா. ஆம்ப்ளிஃபயரை முன்னால், பக்கவாட்டில், மேலிருந்து என்று போட்டோ எடுத்தார். போட்டுக் கேட்கவில்லை.

"ஒரு தடவ போட்டுக் காட்டட்டுமா சார்?" என்றார் அத்தான்.

"வேணாம் சார். கேட்டா எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துரும். அபிப்பிராயம் வந்தா எழுதணும். எழுதினா ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும். முடிவுன்னு ஒண்ணு எடுத்தா வாங்கினவருக்கோ வித்தவருக்கோ வருத்தம். நாங்க மனநிறைவுப் பிரிவு சார். இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுலேர்ந்து ஒருத்தரக்கூட வருத்தப்பட வெச்சதில்ல. ஏன்னா ஒரு முடிவும் எடுத்ததில்ல." இதை அவர் ஒளிவுமறைவே இல்லாமல், பெருமையாகச் சொன்னார்.

அப்போது அவர் கண்ணில் அந்தக் கம்பி பட்டது. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"பெட்டிக்குள்ள கெடந்துச்சு சார்."

"விளம்பரத்துல இதப் பத்தி ஒண்ணும் இல்லையே. அப்போ இது அந்நியப் பொருள்." கம்பியை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி, அத்தானிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு தோளில் இருந்த நாடாவை இறக்கி, ஆம்ப்ளிஃபயரைப் பொட்டலம் கட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினார். நாடா நெடுக 'விசாரணையில் உள்ள பொருள், இயக்கக் கூடாது' என்று அச்சடித்திருந்தது. வலப்பக்கப் புல்லாங்குழலும் அன்றோடு நின்றுபோனது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அத்தான் சாணே ஏறவில்லை.

அவர் செய்தது ஒன்றுதான். நாடாவின் அச்சைக் கிட்டப் போய்ப் பார்த்து, "எழுத்து வரிய விட்டுக் கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றார்.

இதற்கிடையில் இடது காது யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முதலில் இடப்பக்கம் குழாய் சொட்டுவது போனது. பிறகு அந்தப் பக்கத்து அழைப்பு மணி போனது. அக்கா சாப்பிடும்போது எப்போதும் அவருக்கு இடப்பக்கம் உட்காருவாள். ஒரு நாள் தட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

மூன்றாவது மேல்முறையீடு நேர்காணல். அதற்கு முன்னால், பகிர்ந்தவருக்குக் காது கேட்கிறது என்று டாக்டர் சான்று வேண்டும் என்றார்கள். சான்றை டாக்டர் நேராகப் பிரிவுக்கே அனுப்ப வேண்டும். பகிர்ந்தவர் பார்த்தால் மனம் பாதிக்கப்படுமாம். அத்தான் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார். நேர்காணல் தள்ளிப்போனது. சான்று காலாவதியானது. மறுபடி பரிசோதித்தார். மறுபடி தள்ளிப்போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஒவ்வொரு சான்றிலும் காது தேய்ந்துகொண்டே போனது பிரிவுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

ஒருவழியாக நேர்காணல் நடந்தது. கூட நானும் போயிருந்தேன். காத்திருக்கும் கூடத்தில் முறை எண்ணைச் சொல்ல இரண்டு ஸ்பீக்கர்கள் மாட்டியிருந்தார்கள். இரண்டும் பேசவில்லை. காவலாளிதான் கதவருகே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "ரிப்பேர் பண்ணலயா?" என்று கேட்டேன். "பகிர்ந்திருக்கோம் சார்" என்றார்.

உள்ளே தலைமை மனநிறைவு அதிகாரி காதை முழுக்க மூடும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் கடை, இசைத்தட்டு, இரண்டு புல்லாங்குழல், டாக்டர் சொன்ன கெடு என்று ஆதியிலிருந்து சொல்லி முடித்தார். அத்தான் தன் ஆசையை இவ்வளவு விளக்கமாக யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அதிகாரி புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க. வர்றவங்க சொல்றது எல்லாத்தையும் கேட்டா எங்களுக்கு மனச்சோர்வு வந்துருதுன்னு கம்பெனியே இதக் குடுத்திருக்கு. உள்ள அலை ஓசை ஓடிட்டே இருக்கும். ஆனா ஒண்ணு சார், நான் உங்க முகத்த விட்டுக் கண்ண எடுக்கல. மத்த கம்பெனியில அதுகூடச் செய்ய மாட்டான்."

"எனக்கு நாள் இல்லைங்க" என்றார் அத்தான். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது அப்போதுதான்.

"அவசரத்துல எடுக்கிற முடிவு தப்பாப் போயிடும் சார். தாமதமா எடுத்தா, முடிவே தேவைப்படாமப் போயிடும். அதுதான் எங்க அனுபவம்."

வீட்டுக்கு நடந்தே வந்தோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் அவருக்கு இடப்பக்கமாக நடக்கிறேன் என்று உறைத்தது. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன். "என்ன மாப்ளே, இவ்ளோ நேரம் பேசாம வந்தே?" என்றார்.

விவகாரம் சில வாரங்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்தபோது போன் வந்தது. அத்தான் வலது கையில் காப்பி டம்ளரோடு இருந்ததால் இடது கையால் எடுத்து இடது காதில் வைத்தார். "ஹலோ" என்றார். "ஹலோ, ஹலோ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "லைன் கட்டாயிடுச்சு போல" என்று நீட்டினார்.

வாங்கிக் காதில் வைத்தேன். அதே பெண் கணீரென்று பேசிக்கொண்டிருந்தாள்.

"...ஆகவே, கடைசியா வந்த மருத்துவச் சான்றுப்படி உங்க இடது காதுல கேக்குற திறன் பூஜ்யம் சார். நீங்க வாங்கின பொருளோட இடப்பக்கத் திறனும் பூஜ்யம். ரெண்டும் கச்சிதமாப் பொருந்துறதால, பொருள் உங்களுக்குன்னே அமைஞ்சதுன்னு குழு முடிவு செஞ்சிருக்கு. இழப்பு எதுவும் இல்ல சார். இது எங்க பிரிவோட முதல் முடிவு. உங்களுக்கு வாழ்த்துகள்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்தேன். என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அத்தான் போனை வாங்கி இடது காதில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் காதுப்பக்கம் சொடக்குப் போட்டுப் பார்த்தார். "போயிருச்சா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா தலையாட்டினாள். எனக்கு அந்தக் கட்டடத்தையே கொளுத்த வேண்டும் போல் இருந்தது.

மறுநாள் கள ஆய்வாளர் நாடாவைப் பிரிக்க வந்தார். நாடாவோடு ஆம்ப்ளிஃபயரின் பெயிண்டும் உரிந்து வந்தது. போகும் முன் பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார். "அந்நியப் பொருள். எங்களுக்கு இதோட சம்பந்தம் இல்லைன்னு குழு சொல்லிருச்சு. உங்களுக்கும் சம்பந்தம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்குங்க."

அத்தான் கையெழுத்துப் போட்டார். அக்கா, பெட்டியை ஒரு வழியாகத் துடைத்து மூலையில் போடலாம் என்று துணியோடு போனவள், முதல்முறையாக அதைத் திருப்பி முதுகைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னங்க, அந்தக் கம்பியக் குடுங்க."

பின்பக்கத்தில் வலது ஓரமாக இரண்டு துளைகளைச் சேர்த்து அதேபோல் ஒரு கம்பி செருகியிருந்தது. இடப்பக்கத்துக்கு உரிய இன்னும் இரண்டு துளைகள் வெறுமனே இருந்தன. அக்கா கம்பியைச் செருகினாள். அது சொந்த வீட்டுக்குள் போவதுபோல் போய் உட்கார்ந்தது. ஒயர்களை மாட்டித் தட்டைச் சுழலவிட்டாள்.

இடப்பக்கப் புல்லாங்குழல் கேள்வி கேட்டது. வலப்பக்கப் புல்லாங்குழல் பதில் சொன்னது. அத்தனை மாதங்களில் நான் முதல்முறையாக அதைக் கேட்டேன். அவர் நூறு தடவை சொல்லியும் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் அந்த அறைக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அத்தான் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தலையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"கேக்குதாங்க?" என்றாள் அக்கா, வலப்பக்கம் குனிந்து.

"கேக்குது. ரெண்டும் கேக்குது. ஆனா ரெண்டும் ஒரே பக்கத்துலேர்ந்து வருது. யாரு கேக்குறா, யாரு பதில் சொல்றான்னு தெரியல."

ஆய்வாளர் அதுவரை வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். "சார், இடப்பக்கம் வேலை செய்யுது போலிருக்கே" என்றார் கவலையோடு. "உங்க காது வேலை செய்யல. அப்போ பொருத்தம் இல்லையே. எங்களோட ஒரே ஒரு முடிவு சார் அது. அது தப்பாப் போனா பிரிவுக்கே அவப்பேரு. நான் மறுபடி ஒட்டிட்டுப் போயிடறேன், நீங்க புதுசா ஒரு பகிர்வு போட்டுருங்க." தோளிலிருந்து நாடாவை இறக்கினார்.

நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அக்கா போய்விட்டாள்.

"வெளிய நில்லுங்க" என்றாள்.

"எவ்ளோ நேரம்மா ஆகும்?"

"உங்க பொறுமை எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

இந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து அதைப் பழைய இரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். தட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தாள். அத்தானின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று அவருடைய இரண்டு தோளிலும் கை வைத்தாள். இடப்பக்கம் கேள்வி கேட்டபோது இடது தோளை அழுத்தினாள். வலப்பக்கம் பதில் வந்தபோது வலது தோளை அழுத்தினாள். முதலில் கொஞ்சம் தப்பினாள், பிறகு பிடித்துக்கொண்டாள்.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, இப்படித்தான் உக்காந்திருந்தாங்க" என்றார்.

வெளியே கதவு தட்டும் சத்தம் கேட்டது. இடப்பக்கத்துக் கதவு அது. அவருக்குக் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டோம்.